கட்சிக்காரருக்கு யார் வக்கீல்?

வக்கீல் வீட்டுத் திண்ணையில் கட்டுக் காகிதங்களோடு காத்திருப்பவருக்கும் கட்சிக்காரர் என்று பெயர். வீட்டு வாசலில் கொடி கட்டியிருப்பவருக்கும் கட்சிக்காரர் என்றே பெயர். இருவருக்கும் ஒரே சொல்லைத் தமிழ் ஏன் வைத்ததோ, தெரியாது. ஆனால் இரண்டு கட்சிக்காரரும் ஒருவரே ஆகிவிடுகிற நாள் பல தோழர்களின் வாழ்வில் வந்தே தீருகிறது. ஆலை வாசலில் ஒரு மறியல், கொடிக்கம்பத் தகராறு, சுவரெழுத்துச் சண்டை, தேர்தல் நாளில் ஒரு கைகலப்பு, இவற்றுள் ஏதாவது ஒன்று போதும். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. “ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போப்பா” என்கிறார்கள். போனவர் திரும்புவதில்லை. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் மனைவி கிளைச் செயலாளர் வீட்டுக்கு ஓடுகிறாள். “அண்ணே, யாராவது ஒரு வக்கீலைப் பாருங்கண்ணே!”

யாராவது ஒரு வக்கீல்! தோழர்களே, உழவு மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், இரண்டடி நடக்கவிட்டுப் பார்க்கிறான். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவன் மூன்று தலைமுறையை விசாரிக்கிறான். ஆனால் பத்தாண்டுச் சிறையா, விடுதலையா என்று நிர்ணயிக்கப் போகிற ஆளை மட்டும் நாம் எப்படித் தேடுகிறோம்? ஏட்டையா கைகாட்டினார், டீக்கடையில் நின்றவர் கூட்டிப் போனார், சுவரொட்டியில் படம் பெரிதாக இருந்தது! இப்படித் தேடிக்கொண்டுவிட்டுப் பிறகு நீதி செத்துவிட்டது என்று ஒப்பாரி வைப்பதில் பொருள் உண்டா?

முதல் இரவை எடுத்துக்கொள்வோம். வழக்கின் பாதித் தலையெழுத்து அந்த இரவிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. கைதானவருக்குத் தம் விருப்பப்படி வக்கீலைக் கலந்து பேசும் உரிமையை அரசியல் சட்டத்தின் 22வது பிரிவு தந்திருக்கிறது. பழைய குற்ற நடைமுறைச் சட்டம் போய் 2024 ஜூலை 1 முதல் புதிய ‘நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா’ வந்துவிட்டது. பெயர் நம் வாயில் நுழையாவிட்டாலும், விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம் என்று அதன் 38வது பிரிவும் சொல்கிறது. விசாரணை முழுவதும் பக்கத்தில் இருக்க முடியாது, ஆனால் சந்திக்கலாம். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். கைது ஏன் என்று சொல்லியாக வேண்டும். வீட்டாருக்குத் தகவல் தந்தாக வேண்டும்.

இவையெல்லாம் ஏட்டில் இருப்பவை. ஸ்டேஷனில் நடப்பது வேறு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் நடுராத்திரியில் எழுந்து வரும் வக்கீல் தேவைப்படுகிறார். நாளைக் காலை பத்து மணிக்குக் கோர்ட்டுக்கு வந்துவிடுங்கள் என்று போனை வைத்துவிடுகிறவர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் அந்த இரவுக்கு உதவமாட்டார். போலீசாரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கும் சட்டம், இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த வாக்குமூலத்தைத் தொடர்ந்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டதாகக் காட்டினால், அந்த அளவுக்கு அது சாட்சியமாகிவிடும். புளியமரத்தடியில் புதைத்து வைத்திருந்த அரிவாள் ஒவ்வொரு வழக்கிலும் தவறாமல் கிடைப்பதன் இரகசியம் இதுதான்! மகஜரில் யார் கையெழுத்துப் போட்டார், எந்த நேரத்தில் போட்டார் என்று மறுநாள் காலையிலேயே குறித்து வைத்துக்கொள்கிற வக்கீல் இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் சாட்சியைத் திணற அடிப்பார். குறிக்காதவர் அன்று நெற்றியைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

ஒரு வாக்குமூலம் என்ன செய்யும் என்பதற்கு நாடறிந்த சாட்சி பேரறிவாளன் வழக்கு. தடா சட்டத்தில் போலீஸ் அதிகாரி எழுதிய வாக்குமூலமே சாட்சியமாகும் என்று இருந்தது. அதை எழுதிய அதிகாரி ஓய்வுபெற்ற பிறகு, 2013ல், அவர் சொன்னதில் ஒரு முக்கியமான வாக்கியத்தைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தமக்குத் தெரியாது என்பதுதான் அந்த வாக்கியம். 1991ல் கைதானவர் 2022 மே 18ல்தான் உச்சநீதிமன்றத்தால் விடுதலையானார். விட்டுப்போன ஒரு வரி, முப்பத்தோரு ஆண்டு!

போலீசார் சிபாரிசு செய்யும் வக்கீலைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஆட்டுக்கு வக்கீலை ஓநாய் ஏற்பாடு செய்தால் தீர்ப்பு எப்படி இருக்கும்? “ஜாமீன் நிச்சயம், ஜட்ஜ் நமக்கு வேண்டியவர்” என்பவரையும் அதே வரிசையில் நிறுத்துங்கள். நியாயமான வக்கீல் முடிவுக்கு உத்தரவாதம் தரமாட்டார். விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக்கூடாது, ஜெயித்தால் இவ்வளவு என்று பந்தயம்போல் ஃபீஸ் பேசக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதை முதல் நாளே மீறுகிறவர் உங்கள் காரியத்தில் மட்டும் ஒழுங்காக இருப்பாரா?

அடுத்தது, நம்மவர்களுக்கே உரிய மயக்கம் ஒன்று. மேடையில் முழங்குகிறவர் கோர்ட்டிலும் முழங்குவார் என்று நினைத்துவிடுகிறோம். பத்தாயிரம் பேரைக் கைதட்ட வைப்பது ஒரு கலை. ஒரே ஒரு சாட்சியை, அவர் வாயாலேயே, “அப்போது இருட்டாகத்தான் இருந்தது” என்று சொல்ல வைப்பது முற்றிலும் வேறு கலை. சிலரிடம் இரண்டும் உண்டு. பலரிடம் முதலாவது மட்டும்தான். பத்திரம், பாகப்பிரிவினை, வாடகைக் கேஸ் என்று முப்பது வருடம் சிவில் கோர்ட்டில் பழுத்தவர் மரியாதைக்குரியவர்தான். ஆனால் கொலை முயற்சி வழக்குக்கு அவரிடம் போவது பல்வலிக்குக் கண் டாக்டரிடம் போவதற்குச் சமம்.

இதற்கு எளிய பரீட்சை உண்டு. காசு செலவில்லை. கோர்ட் என்பது பொது இடம். சில வகை வழக்குகள் நீங்கலாக, விசாரணையை யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். கிளைத் தோழர்கள் இருவர் வேலையில்லாத நாளில் செஷன்ஸ் கோர்ட்டின் பின்வரிசையில் போய் உட்காரட்டும். யார் கட்டைப் பிரிக்காமலே வாய்தா கேட்கிறார்? யார் தாம் போட்ட கேள்விக்கு வந்த பதிலைக் கேட்காமலே அடுத்த கேள்விக்குத் தாவுகிறார்? யார் குரலை உயர்த்தாமல், சாட்சி முன்பு போலீசில் சொன்னதையும் இன்று கூண்டில் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்? ஒரு வாரம் பார்த்தால் சுவரொட்டி சொல்லாத சேதிகள் தெரிந்துவிடும். கோர்ட் குமாஸ்தாக்களைக் கேட்டாலும் தெரியும். அவர்களுக்குத் தெரியாத இரகசியம் அந்தக் கட்டிடத்தில் கிடையாது.

தொழிலாளிக்கு வக்கீல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க வெளியூர் போக வேண்டாம். ஒட்டப்பிடாரத்தில் 1895ல் தொழில் தொடங்கிய ஒரு பிளீடர், ஏழைகளின் கிரிமினல் வழக்குகளை எடுத்துப் போலீசாரை எதிர்த்து வாதாடினார். அதனால் வந்த பகை தாங்காமல் தந்தையின் யோசனைப்படி 1900ல் தூத்துக்குடிக்கு மாறினார். அவர்தான் வ.உ.சி. கப்பலோட்டியதை நாம் கொண்டாடுகிறோம். கோர்ட்டில் ஏழைக்காக நின்றதை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1908ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். அதே ஆண்டு இராஜத் துரோக வழக்கில் இரட்டைத் தீவாந்தரத் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1912 கடைசியில் வெளியே வந்தபோது வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. பிற்பாடு அதைத் திரும்பப் பெற உதவிய வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் பெயரைத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று வைத்தார் அந்தப் பெரியவர். போலீசுக்குப் பயந்தவரா, பயப்படாதவரா என்று உள்ளூரில் விசாரித்துக்கொள்வதில் தவறே இல்லை.

இனி ஜாமீன். நம் குடும்பங்கள் கவிழ்வது இங்கேதான். உள்ளே போனவரை எப்படியாவது வெளியே எடுக்க வேண்டும் என்ற பதைப்பில் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது, வட்டிக்கு வாங்குகிறார்கள், அத்தனையும் ஜாமீன் மனுவிலேயே கரைந்துவிடுகிறது. ஆள் வெளியே வந்ததும் மாலை, வெடி. பிறகு குற்றப்பத்திரிகை வரும்போது கையில் காசில்லை. விசாரணைக்கு யாரோ ஒரு ஜூனியர் வந்து நிற்கிறார். தோழர்களே, ஜாமீன் என்பது இடைவேளை. அதற்கே எல்லா டிக்கெட்டையும் கொடுத்துவிட்டால் நாடகத்தை எப்படிப் பார்ப்பது? ஆகவே முதல் நாளே கேளுங்கள். ஜாமீனுக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு, மேல்முறையீடு என்றால் எவ்வளவு? நீங்களே வருவீர்களா, ஜூனியரை அனுப்புவீர்களா? கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

ஒரு கேள்வி மட்டும் போடுங்கள், வக்கீலின் தரம் தெரிந்துவிடும். “ஐயா, எத்தனாவது நாள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்?” ரிமாண்டு செய்த நாளிலிருந்து, அந்த நாளையும் சேர்த்து, 60 நாளுக்குள் போலீசார் குற்றப்பத்திரிகை கொடுத்தாக வேண்டும். தூக்கு, ஆயுள், பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை வரக்கூடிய குற்றமென்றால் 90 நாள். கொடுக்காவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை, கருணை அல்ல. ஆனால் கேட்டால்தான் உண்டு! 61வது நாள் காலையில் மனு போடாமல் வக்கீல் தூங்கிவிட்டு, அன்று மதியம் போலீசார் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போயே போய்விட்டது. இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கிறவர்தான் கிரிமினல் வக்கீல்.

பெரிய பெயர் இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கும் ஒரு பழைய கதை உண்டு. லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1944 நவம்பரில் கொலை. அடுத்த ஆண்டு ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். தியாகராஜ பாகவதருக்கும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் தீவாந்தரத் தண்டனை. அவர்களிடம் இல்லாத பணமா, அவர்களுக்குக் கிடைக்காத வக்கீலா? வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, எத்திராஜ் வாதாடி, 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. அதற்குள் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு சிறை. பாகவதரின் பழைய சிம்மாசனம் திரும்பவில்லை. அப்பீலில் கிடைக்கும் விடுதலை இப்படித்தான். கதவு திறக்கும்போது வீடு மாறியிருக்கும். கீழ்க்கோர்ட்டில் சாட்சியத்தில் ஏறியதையும் ஏறாததையும் வைத்துத்தான் மேல்கோர்ட்டு பேசும். குறுக்கு விசாரணையில் கேட்காமல் விட்ட கேள்வியை உச்சநீதிமன்றத்தின் எந்த மேதையாலும் திரும்பக் கேட்க முடியாது. ஆகவே இருக்கிற காசை டில்லிக்கு என்று முடிந்து வைக்காமல், மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டில் செலவிடுங்கள்.

சின்ன வழக்குகள் என்று நாம் அலட்சியம் செய்பவை உண்டே, அவற்றில்தான் மோசம் அதிகம். தடையை மீறி ஊர்வலம், அனுமதியின்றிக் கூடினார்கள் என்று ஐம்பது பேர் மீது ஒரு வழக்கு. வக்கீல் வருகிறார். “அண்ணே, ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிடுங்க, இன்னையோட முடிஞ்சுது.” முடிந்தது என்று எல்லோரும் டீ குடிக்கப் போகிறோம். முடியவில்லை, தோழர்களே! அது தண்டனை, பதிவேட்டில் ஏறிவிட்டது. பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் மனுப் போடும்போது அது தலையைத் தூக்கும். நம் மாநிலத்தில் போலீஸ் வேலைக்கான விதிகளைப் பாருங்கள். சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகத்தான் அவை கருதுகின்றன. தண்டனை அடைந்தவர் பாடு கேட்கவா வேண்டும்?

நல்ல வக்கீலாக இருந்தால் வேறு ஒன்றைச் சொல்லியிருப்பார். அதிகாரியின் உத்தரவை மீறியது என்ற குற்றத்துக்கு, சம்பந்தப்பட்ட அதிகாரி எழுத்து மூலம் கோர்ட்டில் புகார் தர வேண்டும். போலீசார் தாமே எஃப்.ஐ.ஆர். போட்டுக் குற்றப்பத்திரிகை கொடுத்தால் செல்லாது. 2018ல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், மதுரைக் கிளையில், இதை விளக்கி இப்படிப் போடப்பட்ட வழக்குகளை இரத்துச் செய்தது. புதிய சட்டத்திலும் 215வது பிரிவாக அந்த நிபந்தனை தொடர்கிறது. ஒரு மனுவில் உடைந்திருக்க வேண்டிய வழக்குக்கு ஐம்பது பேர் தலை குனிந்து அபராதம் கட்டிவிட்டு வருவது எவ்வளவு பெரிய கொடுமை!

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பன்னிரண்டு பேர் மீது வழக்கு. முதல் எதிரி உள்ளூர்ப் பெரிய புள்ளி. ஏழாவது எதிரி லாரி ஷெட்டில் வேலை செய்யும் தொண்டன். எல்லோருக்கும் ஒரே வக்கீல். செலவு பெரிய புள்ளியினுடையது. நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் முதல் எதிரி அந்த இடத்திலேயே இல்லை, ஏழாவது எதிரிதான் கம்பை எடுத்தான் என்று வாதாடினால் முதல் எதிரி தப்பலாம் என்ற நிலை வந்தால், அந்த வக்கீல் யாருக்கு வக்கீல்? சம்பளம் கொடுத்தவருக்கா, வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவனுக்கா? எதிரிகளின் நலன் ஒன்றோடொன்று மோதும் வழக்கில் ஒருவரே எல்லோருக்கும் நிற்கக்கூடாது. தொண்டனுக்குத் தனி வக்கீல் வேண்டும் என்று கேட்பது துரோகம் ஆகாது. அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்காகக் கேட்கிற கேள்வி அது. தனி வக்கீல் வைத்துக்கொள்ள அவனுக்குச் செலவு கொடுக்கிற தலைவரைத்தான் நான் தலைவர் என்பேன்.

வக்கீலிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக்கூடாது என்று சட்டமே பூட்டுப் போட்டிருக்கிறது. கம்பு கையில் இருந்ததை அவரிடம் மறைத்து, அது கூண்டில் சாட்சி வாயால் வெளிவந்தால் அவர் கட்டிய வாதமெல்லாம் சரிந்துவிடும். வெற்றுத்தாளில் மட்டும் எவருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள், வக்கீலுக்கும்தான். எஃப்.ஐ.ஆர். நகல், குற்றப்பத்திரிகை நகல் உங்கள் வீட்டில் ஒரு படி இருக்கட்டும். குற்றப்பத்திரிகை நகல் எதிரிக்கு இலவசம். வாய்தாத் தேதியை வக்கீல் சொல்வார் என்று இருந்துவிட்டுப் பிடி வாரண்டு வந்து திண்டாடியவர்கள் ஏராளம். இப்போது வழக்கின் பதினாறு இலக்க எண்ணைப் போட்டால் தேதி செல்போனிலேயே தெரிகிறது. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வக்கீல் சரியில்லை என்றால் மாற்றலாம். மாப்பிள்ளையை மாற்றுவதுபோல் கூச்சப்பட வேண்டாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று உச்சநீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. இன்னாருக்கு எங்கள் ஊரில் எவரும் ஆஜராகமாட்டோம் என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டால் அதுவும் செல்லாது. கோவையில் எழுந்த ஒரு வழக்கில் 2010ல் உச்சநீதிமன்றம் அப்படிச் சொன்னது. அந்த வழக்கில் வக்கீல்கள் கைவிட்டது யாரைத் தெரியுமா? போலீசாரை! உரிமை எல்லோருக்கும் உண்டு.

குண்டர் சட்டத்தில் உள்ளே தள்ளினால் கணக்கே வேறு. 1982ஆம் ஆண்டின் 14வது சட்டம் அது. ஓராண்டு வரை விசாரணையின்றி வைக்கலாம். அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீலை அமர்த்திக்கொள்ளும் உரிமை அரசியல் சட்டப்படியே கிடையாது. ஆட்கொணர்வு மனு போட்டு உயர்நீதிமன்றத்தில்தான் மோத வேண்டும். தடுப்புக் காவல் உத்தரவில் நகல் மங்கலாக இருந்தது, தமிழில் தரவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதித்தார்கள் என்ற நூல் பிடித்தே பல உத்தரவுகளை உடைப்பார்கள். அதற்கென்று சென்னையிலும் மதுரையிலும் தேர்ந்த வக்கீல்கள் உண்டு. உள்ளூர் ஜாமீன் வக்கீலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

“இவ்வளவுக்கும் காசுக்கு எங்கே போவது?” என்கிறீர்களா? நியாயமான கேள்வி. 1980ல் பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களைப் போலீசார் குருடாக்கிய கொடுமை வெளிவந்தது. அந்த வழக்கில்தான், கைதானவரை மாஜிஸ்திரேட் முன் முதன்முதல் நிறுத்தும்போதே இலவச வக்கீல் தர வேண்டும், அந்த உரிமை உண்டென்று மாஜிஸ்திரேட்டே சொல்ல வேண்டும் என்று உச்சநீதிமன்றம் விதித்தது. இன்று ஒவ்வொரு மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இலவச வக்கீல் என்றால் இளப்பம் என்று நம்மவர்கள் முகம் சுளிப்பதுண்டு. சோம்பேறிகள் அங்கும் இருப்பார்கள், காசு வாங்கும் கூட்டத்திலும் இருக்கிறார்கள். அங்கே வந்தவர் சரியில்லை என்றால் வேறொருவரைக் கேட்டு எழுதிக் கொடுக்கலாம்.

1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12வது பிரிவை யாராவது ஒரு தோழர் கிளை மன்றத்தில் உரக்கப் படிக்கட்டும். வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவச வக்கீல் பெறத் தகுதியுள்ளவர்களின் பட்டியல் அது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர் என்று போகிற அந்த வரிசையில் ஓரிடத்தில் ‘தொழிற்சாலைத் தொழிலாளி’ என்றும் இருக்கிறது. ஆலையில் வேலை செய்கிற நம் தோழர்களில் எத்தனை பேர் அந்த வரியைப் பார்த்திருக்கிறார்கள்? தொழிற்சாலை அடையாள அட்டையின் நகலை விண்ணப்பத்தோடு வைத்துக் கொடுத்துவிட்டு, அடகுக்குக் கிளம்பிய தாலிக்கொடியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள்.